நடுவரின் விரல் கழன்று விழ வேண்டும்: ஒரு கிரிக்கெட் பேய்ப்படத்துக்கான செய்பொருள் பதிவு

கதை இவ்வளவுதான்: செத்துப்போன 11 பேர், பாதியில் நின்றுபோன ஆட்டத்தை முடித்துவிட்டுப் போக வருகிறார்கள். உயிரோடிருக்கும் 11 பேருக்கு ஆடுவதைத் தவிர வேறு வழியில்லை. இந்தப் பேய்கள் யார் கழுத்தையும் நெரிப்பதில்லை, கூரையில் தொங்குவதில்லை. விதிப்புத்தகத்தை வரி பிசகாமல் பின்பற்றுகின்றன. குறும்படம், கையில் காசில்லாத படம், பயமும் சிரிப்பும் சரிபாதி. இரத்தம், கழன்று விழும் உறுப்புகள், அவற்றைத் தாங்கும் உபகரணங்கள் ஆகியவை என் பொறுப்பில் வந்தன.

படத்தின் நடுநாயகமான காட்சி இது. வேகப்பந்து பேட்ஸ்மேனின் தலைக்கவசத்தில் படுகிறது. கவசம் தலையோடு சேர்ந்து கழன்று, பின்னாலிருக்கும் ஸ்டம்பின் மேல் விழுகிறது. ஸ்டம்புகளின் மேலிருக்கும் சிறு கட்டையான பெயில் தெறிக்கிறது. பேய்கள் அவுட் கேட்டு முறையீடு செய்கின்றன. நடுவர் சற்று யோசித்து விரலை உயர்த்துகிறார். விரல் ஆடுகிறது. பிறகு அதுவும் கழன்று விழுகிறது.

இதில் சிரிப்பு எங்கே இருக்கிறது என்பதில்தான் இயக்குநருக்கும் எனக்கும் முதலில் உடன்பாடு வரவில்லை. தலை எவ்வளவு கோரமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்பது அவர் கட்சி. தீர்ப்பு சரியாக இருப்பதுதான் நகைச்சுவை என்பது என் கட்சி. ஹிட் விக்கெட் பற்றிய விதி, பேட்ஸ்மேனின் உடம்போ, உடம்பிலிருந்து கழன்ற உடையோ உபகரணமோ விக்கெட்டைக் கலைத்தால் அவுட் என்கிறது. தலை உடம்பில் சேர்த்தியா, கவசத்தோடு சேர்ந்து வந்ததால் உபகரணத்தில் சேர்த்தியா என்று வாதாட வேண்டியதே இல்லை. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் ஆள் அவுட். ஆனால் யாராவது முறையிடாவிட்டால் நடுவர் தானாக அவுட் கொடுக்கக் கூடாது. எனவே தலை கீழே கிடக்கும்போதே எல்லோரும் நடுவரைத் திரும்பிப் பார்த்து ஒரு கணம் காத்திருக்கிறார்கள். அந்தக் கணம்தான் காட்சி. அதை நம்பவைக்க வேண்டுமென்றால் களத்தில் மற்ற எல்லாமே அளவு பிசகாமல் இருந்தாக வேண்டும். ஸ்டம்ப் தரையிலிருந்து 71.1 செ.மீ. உயரம், 3 ஸ்டம்பும் சேர்ந்து 22.86 செ.மீ. அகலம், ஆடுகளம் 20.12 மீட்டர் நீளம். கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர் கண்ணுக்கு ஸ்டம்ப் இரண்டு விரல் குட்டையாகத் தெரிந்தாலும் போதும். பேயை விட்டுவிட்டு ஸ்டம்பைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்.

கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தது ஒப்பனைக்காரனுக்குப் பெரிய வரம். பேட்ஸ்மேனுக்கு உச்சி முதல் பாதம் வரை உறை. காலில் பேடு, கையில் உறை, தலையில் கவசம், முகத்துக்கு முன்னால் கம்பி வலை. வலைக்குள்ளே கண்ணும் மூக்கும் வாயும்தான் தெரியும். அந்த இடத்துக்கு மட்டும் பேய் ஒப்பனை போட்டால் போதும். ஒரே நடிகர் மூன்று பேட்ஸ்மேன்களாக வந்துபோகலாம், யாருக்கும் தெரியாது. வேறெந்த விளையாட்டில் இந்தச் சிக்கனம் கிடைக்கும்? ஐஸ் ஹாக்கியில் கிடைக்கும். 1959-இல் ஜாக் பிளாண்ட் என்ற கோல் கீப்பர் முகத்தில் அடிபட்ட பிறகு ஆட்டத்தில் முகமூடி அணியத் தொடங்கினார். 1982-இல் வந்த ஒரு கொலைப்படத் தொடர்ச்சியில் அதே வகை முகமூடி கொலைகாரன் முகத்தில் ஏறி, திகில் படத்தின் முத்திரையாகவே ஆகிவிட்டது. முகம் மறைந்தால் பயமும் மலிவாகிறது, செலவும் குறைகிறது.

இனி தலை. முழுத் தலையையும் நடிகர் முகத்தில் அச்செடுத்து வார்ப்பது என்றுதான் முதலில் பேச்சு இருந்தது. வலைக்குள் தெரியும் அளவுக்கு அது தேவையற்ற ஆடம்பரம். விக் மாட்டி வைக்கும் பாலிஸ்டைரீன் தலை ஒன்றை எடுத்துக்கொண்டேன். அதன்மீது நேரடியாக ஸ்பிரே பெயிண்ட் அடிக்கக் கூடாது. அதிலுள்ள கரைப்பான் பாலிஸ்டைரீனைத் தின்று முகத்தில் பள்ளம் போட்டுவிடும். முதலில் வெள்ளைப் பசை இரண்டு பூச்சு, அது காய்ந்ததும் ரப்பர் பாலான திரவ லேடெக்ஸ், அதன்மேல் கிழித்த டிஷ்யூ தாள், மறுபடி லேடெக்ஸ் என்று அடுக்கினேன். தாளைக் கத்தரியால் வெட்டினால் ஓரம் கோடாகத் தெரியும். கையால் கிழித்தால் இழை பரவி, தோல் சுருக்கம்போல் படியும். கண்ணிமையும் மூக்கின் இருபுறச் சரிவும் இப்படித்தான் உருவாயின. லேடெக்ஸிலிருந்து அமோனியா நெடி வரும்; சன்னல் திறந்திருக்கும் அறையில் மட்டும் செய்ய வேண்டிய வேலை.

வண்ணம் பூசி, கவசத்துக்குள் பொருத்தி, மேசை மேலிருந்து தள்ளிப் பார்த்தபோதுதான் உண்மையான பிரச்சினை தெரிந்தது. மனிதத் தலை ஏறக்குறைய 4.5 முதல் 5 கிலோ இருக்கும். இது தரையில் பட்டதும் துள்ளியது. துள்ளும் தலை ஒரு நொடி சிரிப்பு வரவழைக்கும், அவ்வளவுதான். அதற்குப் பிறகு பார்வையாளர் அதைப் பொம்மையாகவே பார்ப்பார். அதற்காக 5 கிலோ தலையை ஸ்டம்பின் மேல் போடவும் முடியாது. ஸ்டம்ப் முறியும், யார் காலிலாவது விழும். கழுத்துப் பக்கம் குடைந்து, மணல் நிரப்பிய சிறு துணிப்பையைத் திணித்து, அடியை மூடினேன். மொத்த எடை ஒரு கிலோவைச் சற்றுத் தாண்டியது. எடை முழுக்க அடியில் இருப்பதால், விழுந்ததும் ஒரு முறை உருண்டு, தலையாட்டிப் பொம்மைபோல் நிமிர்ந்து நின்றுகொள்கிறது. எந்தப் பக்கம் முகம் திரும்பும் என்பதையும் பையைச் சற்று முன்னால் தள்ளிவைத்துத் தீர்மானிக்கலாம். கேமராவை நோக்கி நின்றுகொண்டு ‘என்ன தீர்ப்பு?’ என்று கேட்பதுபோல் பார்க்கும் தலை, எத்தனை லிட்டர் இரத்தத்தைக் கொட்டினாலும் கிடைக்காத பலன்.

கழுத்தின் வெட்டுப்பட்ட அடிப்பகுதிக்கு நான் இரண்டு வடிவம் செய்துவைத்தேன். ஒன்று எலும்பு, தசை, குழாய் எல்லாம் உடற்கூற்றுப் படத்தைப் பார்த்துச் செய்தது. இன்னொன்று மழமழவென்று சிவப்பு வட்டம், நடுவில் வெள்ளைப் புள்ளி. குழுவினருக்கு இரண்டையும் காட்டினோம். முதலாவதைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்கள். இரண்டாவதைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்கள். இயக்குநர் அத்தோடு தன் கட்சியைக் கைவிட்டார்.

அறுத்துத் துளையிட்ட கவசத்தில் ஒரு குறிப்பு எழுதி ஒட்டிவைத்தேன்: ‘நிஜ ஆட்டத்துக்கு அல்ல.’ கம்பி வலையின் இடைவெளி வழியே பந்து புகக் கூடாது என்பதையும் பிஎஸ் 7928:2013 என்ற பிரிட்டிஷ் கவசத் தரம் சோதிக்கிறது. நாம் ஒரு திருகைக் கழற்றினாலும் அந்த உத்தரவாதம் போய்விடும். தோற்றத்தில் நல்ல கவசம்போலவே இருப்பதால், படப்பிடிப்பு முடிந்து யாராவது ஆடுவதற்கு எடுத்துப் போய்விடுவார்கள்.

தலையில்லாத உடம்புக்கு, தோளை உயர்த்திக் காட்டும் சட்டகம் ஒன்றை நடிகருக்கு மாட்டுவது பழைய வழி. அது கையைக் குட்டையாகக் காட்டும். மட்டையை இயல்பாகப் பிடிக்கவும் விடாது. நாங்கள் கேமராவை முக்காலியில் அசையாமல் பூட்டி, காலியான களத்தை ஒரு முறை எடுத்துக்கொண்டு, பிறகு பச்சைத் துணி உறையால் தலையை மூடிய நடிகரை எடுத்தோம். பச்சையை அழித்தால் பின்னாலிருக்கும் களம் தெரியும். வேலை எளிது. ஒரே ஒரு இடத்தில் கவனம் வேண்டும்: தலையை அழித்தாலும் தலையின் நிழல் தரையில் கிடக்கும். மாலை வெயிலில் அது ஆடுகளம் முழுக்க நீண்டு, தலையில்லாத உடம்புக்குத் தலையுள்ள நிழலாகப் படுத்திருக்கும். உச்சிவெயிலில் எடுத்தால் நிழல் காலடியில் சுருண்டு, தோளின் நிழலுக்குள்ளேயே தலையின் நிழலும் அடங்கிவிடும். காலி களத்தையும் அதே நேரத்தில் எடுத்துவிட வேண்டும். மேகம் ஒன்று கடந்தால்கூட இரண்டு படமும் ஒட்டாது.

இந்தப் பதிவு எழுதக் காரணமே விரல்தான்.

நடுவராக நடிப்பவரின் சுட்டுவிரலையே அச்செடுத்தேன். பல் மருத்துவர்கள் தாடை அளவெடுக்கப் பயன்படுத்தும் அல்ஜினேட் தூளைத் தண்ணீரில் குழைத்து, உயரமான கோப்பையில் ஊற்றி, விரலை அமிழ்த்தி அசையாமல் வைத்திருக்க வேண்டும். வெந்நீர் ஊற்றினால் கலக்கி முடிப்பதற்குள் இறுகிவிடும். குளிர்ந்த நீர் அவகாசம் கொடுக்கும். விரலை அமிழ்த்துவதற்கு முன், அதே கலவையை நகத்தைச் சுற்றியும் கணுவின் மடிப்பிலும் தூரிகையால் தடவிவிட்டால் அந்த இடங்களில் காற்றுக்குமிழி தங்காது. விரலை உருவியதும் உடனே பிளாஸ்டர் ஊற்றிவிட வேண்டும். அல்ஜினேட் ஈரம் காயக் காயச் சுருங்கும். மறுநாள் ஊற்றினால் நடுவருக்குச் சிறுவன் விரல்தான் கிடைக்கும்.

பிளாஸ்டர் விரலைத் தேய்த்துச் சரிசெய்து, அதற்கு சிலிக்கோன் அச்சு எடுத்தேன். ஒரே விரல் போதாது. புல்லில் விழுந்து ஒன்று தொலையும், இன்னொன்று கிழியும். சிலிக்கோன் அச்சுக்குள் சிலிக்கோனையே வார்ப்பதால் இரண்டும் ஒன்றாக ஒட்டிப்போகும் ஆபத்து உண்டு. நடுவில் பெட்ரோலியம் ஜெல்லி மெல்லிய படலமாகத் தடவ வேண்டும். இன்னொரு எச்சரிக்கை: பிளாட்டினம் வகை சிலிக்கோனுக்குக் கந்தகம் ஆகாது. லேடெக்ஸ் கையுறை தொட்ட இடம் இறுகாமல் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். தலைக்கு லேடெக்ஸ் பூசிய மேசையில் விரல் வேலையை வைத்துக்கொள்ளாமல், வேறு அறைக்கு மாற்றி, லேடெக்ஸ் இல்லாத நைட்ரைல் கையுறை போட்டுக்கொண்டேன்.

கன்னம், வயிறு போன்றவற்றுக்கு ஏற்ற மிக மிருதுவான சிலிக்கோனில் வார்த்த விரல், நிறுத்தியதுமே வளைந்து தொங்கியது. அவுட் கொடுக்கும் விரல் அது அல்ல. ‘எனக்கென்ன தெரியும்’ என்று சொல்லும் விரல். ரப்பர் போன்றவற்றின் கடினத்தை அளக்கும் ஷோர் ஏ அளவில் 10 உள்ள சிலிக்கோனில் வார்த்தபோது நிமிர்ந்தும் நின்றது, சதைபோல் அமுங்கவும் செய்தது. நிறத்தை மேலே பூசாமல், உள்ளே கலந்தேன்: தோல் நிற நிறமி கொஞ்சம், சிவப்பும் நீலமுமாகப் பொடி இழைகள் சில. வெளிச்சம் உள்ளே போய்த் திரும்பி வருவதால் தோலுக்கடியில் நரம்பு இருப்பதுபோல் தெரிகிறது. சிலிக்கோன்மேல் சாதாரண வண்ணம் நிற்காது, உரிந்து வந்துவிடும் என்பதும் இதற்கு ஒரு காரணம். நகத்தை மட்டும் தனியாகச் செய்து பதித்தேன்.

எப்படிக் கழல வைப்பது? தூண்டில் நரம்பு கட்டி இழுத்தால் விரல் வெடுக்கென்று பறந்துபோகிறது. நமக்கு வேண்டியது முதலில் ஆட்டம், பிறகு வீழ்ச்சி. காந்தம்தான் இதற்குச் சரி. 8 மி.மீ. விட்டமுள்ள, வலுவான நியோடிமியம் காந்த வட்டு ஒன்று விரலின் அடியில், இன்னொன்று நடிகரின் கணுவின் மேல் ஒட்டிய சிறு தட்டில். உலோகத்தின்மேல் சிலிக்கோன் பிடிப்பதில்லை. ஆகவே வெள்ளை ரெசினில் ஒரு சிறு கட்டை வார்த்து, அதில் காந்தத்தைப் புதைத்து, கட்டையின் பக்கங்களில் குறுக்கும் நெடுக்குமாகத் துளை போட்டேன். சிலிக்கோன் துளைக்குள் ஓடி இறுகிக் கட்டையைக் கவ்விக்கொண்டது. அந்த வெள்ளைக் கட்டையே விரல் விழுந்தபின் எலும்பாகவும் தெரிகிறது.

வெறும் காந்தம் இரண்டும் கவ்விய பிடியில் கையை உதறினாலும் விரல் விழவில்லை. இரண்டுக்கும் நடுவே செல்லோடேப் துண்டு ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டே போனேன். இடைவெளி கூடக் கூடப் பிடி தளரும். ஒரு கட்டத்தில், நடுவர் கையை உயர்த்தி நிறுத்தும் அந்தச் சிறு அதிர்விலேயே விரல் ஒரு பக்கம் சாய்ந்து, மறுபக்கம் சாய்ந்து, அதன்பிறகு விழுந்தது. சாய்வதற்கும் விழுவதற்கும் இடையில் நடிகர் விரலை நிமிர்ந்து பார்ப்பதற்கு நேரம் இருக்கிறது. பிடியை டேப்பின் எண்ணிக்கையால் மாற்றிக்கொள்ளலாம் என்பதால் இயக்குநர் ‘இன்னும் கொஞ்சம் ஆடட்டும்’ என்று சொல்லும்போதெல்லாம் ஒரு துண்டைப் பிய்த்தால் போதுமானதாக இருந்தது.

நிஜ விரலை மடக்கிக்கொண்டு அதன் கணுவின் மேல் போலி விரலை நிறுத்துகிறோம். உள்ளங்கைப் பக்கமிருந்து பார்த்தால் மடக்கிய நான்கு விரல்களோடு நிமிர்ந்த ஒன்றும் சேர்ந்து கணக்கு இடிக்கும். அதனால் கேமராவை நடுவரின் தோளுக்குப் பின்னால் வைத்தோம். முன்னால் புறங்கையும் ஆடும் விரலும், தொலைவில் தலையில்லாத பேட்ஸ்மேன் மட்டையை ஊன்றிக்கொண்டு தீர்ப்புக்குக் காத்திருக்கிறார். விரல் விழுந்த பிறகு முன்பக்கம் மாறலாம். மடக்கிய நிஜ விரலில் இரத்தம் பூசினால் இல்லாத விரலாகிவிடும்.

விழும் விரல் நடுவருக்கு முன்னாலிருக்கும் ஸ்டம்பில் பட்டு அந்தப் பெயிலும் விழ வேண்டும், பேய்கள் எதிர்முனை பேட்ஸ்மேனுக்கும் சேர்த்து முறையிட வேண்டும் என்று இயக்குநர் பிறகு ஆசைப்பட்டார். நடுவர் ஸ்டம்புக்குச் சில அடி பின்னால்தான் நிற்பார். நெடுந்தொலைவு லென்ஸ் வைத்து நேர் எதிரிலிருந்து எடுத்தால் அந்த இடைவெளி சுருங்கி, ஸ்டம்பின் மேலேயே நிற்பதுபோல் தெரியும். விரல் பெயிலில் படுவதைத் தனி நெருக்கக் காட்சியாக, சட்டகத்துக்கு மேலிருந்து நான் போட்டேன். விக்கெட்டை எவையெல்லாம் கலைக்கலாம் என்று விதி பட்டியலிடுகிறது: பந்து, மட்டை, பேட்ஸ்மேன், பந்தைப் பிடித்திருக்கும் களத்தடுப்பாளரின் கை. நடுவரின் விரல் அதில் இல்லை. எனவே அவர் மறுத்துத் தலையசைக்கிறார். பேய்கள் முனகிக்கொண்டே ஏற்றுக்கொள்கின்றன.

பந்து எளிது. தோல் பந்து 155.9 முதல் 163 கிராம் இருக்கும். நடிகர்களுக்கு நடுவே அதை வீசுவதில்லை என்று முதலிலேயே முடிவு. நிஜப் பந்தில் அச்செடுத்து, மிருதுவான நுரையில் வார்த்த பந்துகள் போதும். 1/50 நொடி ஷட்டரில் பந்து கோடாகக் கலங்கி நுரை தெரியாது; ஷட்டரை வேகமாக்கினால் ஒவ்வொரு துளையும் தெரியும். வெயிலில் 1/50 வைக்க வேண்டுமென்றால் லென்ஸ் முன்னால் வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் வேண்டும்.

ஒரு பந்து மட்டும் தனி. பேய்ப் பந்துவீச்சாளர் பந்தைக் காற்சட்டையில் தேய்க்கிறார். எல்லாப் பந்துவீச்சாளர்களுக்கும் விழும் அதே சிவப்புக் கறைதான், ஆனால் அது பரவிக்கொண்டே போகிறது. நுரைப்பந்தைத் தையல் வழியே பிளந்து, உள்ளே இரத்தம் ஊறிய பஞ்சை வைத்து, வெள்ளை நூலால் மறுபடி தைத்தேன். கையால் அழுத்தினால் நூல் துளைகள் வழியே முத்து முத்தாகக் கசிந்து, நூலை வரிசையாகச் சிவக்க வைத்துவிட்டுப் பிறகுதான் வழிகிறது. 2022-இல் திருத்திய விதி பந்துக்கு எச்சில் தடவுவதைத் தடைசெய்கிறது. செயற்கைப் பொருளும் கூடாது, வியர்வை மட்டும் பரவாயில்லை. சொந்த இரத்தம் செயற்கைப் பொருளா என்று நடுவர் புத்தகத்தைப் புரட்டும் வசனம் இந்தப் பந்தைப் பார்த்த பிறகு எழுதியது.

இரத்தத்துக்கு சர்க்கரைப் பாகும் உணவு நிறமியும்தான் ஊரறிந்த செய்முறை. ஒப்பனைக் கலைஞர் டிக் ஸ்மித்தின் புகழ்பெற்ற கலவையில் அவற்றோடு வெள்ளைத் தூளான துத்தநாக ஆக்ஸைடும் சேரும். அது ஏன் என்று வெள்ளைத் துணியில் வைத்துப் பார்த்தால் விளங்கும். வெறும் பாகு கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிவதால், மெல்லியதாகப் பரவும் ஓரங்களில் இளஞ்சிவப்புச் சர்பத்தாகிவிடுகிறது. நிஜ இரத்தம் ஒளியை விடாது. வெயிலில் வெள்ளுடை என்றால் இந்த ஒளிபுகாத் தன்மை கட்டாயம். அவர் கலவையில் புகைப்பட ஆய்வகத்தில் பயன்படும் ஈரமாக்கும் திரவமும் உண்டு. அது நச்சு, வாய்ப்பக்கம் கொண்டுபோகக் கூடாது. எனக்கு அது தேவைப்படவில்லை.

பாகுக்கு இன்னொரு குறை உண்டு: திறந்தவெளியில் வைத்தால் எறும்பு வரிசை கட்டும். ஆகவே வாய்க்கு மட்டும் பாகு இரத்தம். உடைக்கும் புல்லுக்கும், தண்ணீரைக் கெட்டியாக்கும் மெத்தில் செல்லுலோஸ் தூளின் கூழில், துவைத்தால் போகும் வகைச் சிறுவர் வண்ணத்தையும் சிறிது துணி சோப்புத் திரவத்தையும் கலந்தது. சோப்பு சேர்ந்த கலவை கண்ணிலும் வாயிலும் படக் கூடாது என்பதால் இரண்டு குப்பிக்கும் வேறு வேறு நிற மூடி. இரவுக் காட்சி ஒன்றுக்கு நீல விளக்கில் சோதித்தபோது சிவப்பு முழுக்கக் கருப்பாகிவிட்டது. திரும்பி வருவதற்கு அந்த வெளிச்சத்தில் சிவப்பே இல்லையே. அந்தக் காட்சியையும் பகலுக்கு மாற்றிவிட்டோம். நடுப்பகலில் வரும் பேய்க்குத் தனிக் களை இருக்கிறது.

பொது மைதானத்தில் எடுப்பதாக இருந்தால், அக்கம்பக்கத்தாருக்கும் காவல் நிலையத்துக்கும் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. தூரத்திலிருந்து பார்ப்பவருக்குக் கேமரா தெரியாது, இரத்தம்தான் தெரியும்.

உடைகள் பாலியஸ்டராக இருக்கட்டும். உணவு நிறமி பருத்தியில் ஏறுமளவுக்கு அதில் ஏறாது. காட்சி முடிந்த கையோடு குளிர்ந்த நீரில் அலசிவிட்டு அதன்பிறகுதான் சோப்பு. பந்தை அன்றே பிரித்துப் பஞ்சை எறிந்துவிட வேண்டும். விரல்களைக் கழுவி, பவுடர் தூவி, காந்தங்கள் ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளாதபடி தனித்தனி டப்பாவில் போட்டு, டப்பாவின் மேல் எத்தனை டேப் என்று எழுதிவைத்திருக்கிறேன். தலை இன்னும் இயக்குநரிடம் இருக்கிறது. சுவரொட்டிக்குப் படம் எடுக்க வேண்டுமாம்.